மறுத்துச் சொன்னவர்கள்

2003 பிப்ரவரி 5 என்றால் எல்லோரும் அந்தச் சின்னக் குப்பியைத்தான் சொல்வார்கள். இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் வாதாடும்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் கையில் தூக்கிக் காட்டிய குப்பி. எனக்கு அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்தான் நினைவில் நிற்கிறார். ஜார்ஜ் டெனட், சிஐஏ இயக்குநர். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. சொல்லப்படுவது முழுக்க உளவுத்துறையின் வாக்கு என்று உலகத்துக்கு முத்திரை குத்த அவர் முகம் ஒன்றே போதும்.

நம் ஊரில் அப்போது இரவு ஒன்பது தாண்டியிருந்தது. பெரியப்பா வீட்டு டிவி முன்னால் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அண்ணன் குவைத்தில் வேலையில் இருந்தான். இராக்கின் வாசலில் இருக்கும் நாடு. "அங்க விஷவாயு போட்டுருவானாடா?" என்று பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். பெரியப்பா படித்தவர், நிதானி. "படம் போட்டுக் காட்டுறாரும்மா. இவ்வளவு பெரிய மனுஷன் ஊரைக் கூட்டி வச்சுப் பொய்யா சொல்வாரு?" என்றார்.

பாவெல் மீது அந்த மரியாதை உலகெங்கும் இருந்தது. அவரைப் பேச அனுப்பியதே அதற்காகத்தான்.

அந்த அரங்கில் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கென்றே சொந்தமாக ஒரு சிறிய புலனாய்வுப் பிரிவு உண்டு. பாவெலின் வீட்டுக்குள்ளேயே இருந்த பிரிவு. இராக் அதிபர் சதாம் உசேன் அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் முழுவீச்சில் தொடங்கிவிட்டார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2002 அக்டோபரிலேயே அது எழுத்தில் மறுத்திருந்தது. உரையின் வரைவைப் பார்த்தபோதும் பல இடங்களை வலுவற்றவை என்று குறித்துக் கொடுத்தது. சிலவற்றை பாவெல் நீக்கினார். நீக்காமல் விட்டவை போதுமானவையாக இருந்தன.

அலுமினியக் குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்காக இராக் வாங்கியவை என்றது சிஐஏ. அந்த இயந்திரத்தை உண்மையிலேயே அறிந்தவர்கள் அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர்கள். இவை சாதாரண ராக்கெட்டுக்கான குழாய்கள், அளவும் அதற்கே பொருந்துகிறது என்றார்கள் அவர்கள். கருத்து வேறுபாடு இருப்பதை பாவெல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு தன் பக்கம் வாதாடி அதைக் கடந்துபோனார்.

வேற்றொற்றர் சொன்னதோடு ஒத்துப்பார்க்காமல் ஓர் ஒற்றரின் சொல்லை நம்பாதே என்று வள்ளுவர் 'ஒற்றாடல்' அதிகாரத்தில் அரசனுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துவந்தால்தான் தெளிவு என்று அதற்கும் மேலே போகிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இதில் என்ன பெரிய செய்தி என்று தோன்றியது. நடமாடும் நுண்ணுயிரி ஆயுதக் கூடங்கள் என்று பாவெல் வரைபடம் காட்டினாரே, அதன் வேர் பெரும்பாலும் ஒரே ஆள். ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வந்த இராக்கியர். 'கர்வ்பால்' என்பது அவருக்கு இடப்பட்ட மறைபெயர். போருக்கு முன் அவரை நேரில் விசாரிக்க அமெரிக்கர்களை ஜெர்மன் உளவுத்துறை விடவில்லை. சொன்னது பொய் என்று 2011-ல் அவரே ஒப்புக்கொண்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நினைவு இன்னும் பின்னால், வியட்நாமுக்கு ஓடிவிடுகிறது. 1967-ல் சிஐஏவில் சாம் ஆடம்ஸ் என்று ஓர் இளம் பகுப்பாய்வாளர். கைப்பற்றிய ஆவணங்களை வைத்து எண்ணிப் பார்த்து, எதிரியின் பலம் ராணுவம் சொல்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றார். போரில் வென்றுகொண்டிருக்கிறோம் என்று ஜான்சன் அரசு மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்த காலம். எண்ணிக்கை மூன்று லட்சத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று ராணுவத் தலைமை பிடிவாதம் பிடித்தது. சிஐஏ இயக்குநர் ஹெல்ம்ஸ் கடைசியில் ராணுவத்தின் கணக்குக்கு இணங்கினார். சில மாதங்களில், 1968 ஜனவரி இறுதியில், எதிரி பெருமளவில் தொடுத்த டெட் தாக்குதல் வந்தது. ஆடம்ஸ் ஓயாமல் முறையிட்டு, 1973-ல் வேலையை விட்டார்.

ஆடம்ஸுக்கு நேர்ந்ததை 2002-ல் இருந்தவர்களும் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆனாலும் அதே பாதை. துணை அதிபர் செனி சிஐஏ தலைமையகத்துக்கே பலமுறை போனார். பதிலை மாற்று என்று யாரும் கட்டளையிட்டதற்குச் சான்று இல்லை என்கிறது 2004-ன் செனட் குழு அறிக்கை. இருக்கலாம். ஒரே கேள்வியை மேலிடம் மறுபடியும் மறுபடியும் கேட்டால், எந்தப் பதில் வேண்டும் என்பது கீழே இருப்பவருக்குப் புரியாதா? பால் பில்லர், மத்தியக் கிழக்குக்கான மூத்த பகுப்பாய்வாளராக அப்போது இருந்தவர், 2006-ல் வெளிப்படையாக எழுதினார்: முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, உளவுத் தகவல் அதற்கு நியாயம் கற்பிக்கவே பயன்பட்டது என்று. லண்டனில் 2002 ஜூலை 23 கூட்டத்தின் குறிப்பிலும் இதே சாரம் இருக்கிறது. வாஷிங்டன் போய் வந்த பிரிட்டிஷ் உளவு அமைப்பான எம்ஐ6-ன் தலைவர், கொள்கைக்கு ஏற்ப அங்கே உளவுத் தகவல் பொருத்தப்படுகிறது என்று பிரதமர் பிளேரிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இன்றும் ஆறாத இடம் ஒன்று உண்டு. 2002 அக்டோபரில் தயாரான அமெரிக்க உளவுத்துறையின் ரகசிய மதிப்பீட்டில் "நாங்கள் கருதுகிறோம்" போன்ற தயக்கங்களும் மாற்றுக் கருத்துகளும் இருந்தன. அதே மாதம் மக்களுக்காக வெளியிட்ட அறிக்கையில் அவை பெரும்பாலும் இல்லை. ஐயம் ரகசியமாகவே இருந்துவிட்டது. உறுதி மட்டும் தெருவுக்கு வந்தது. பிரிட்டனிலும் அதே கதைதான். பாதுகாப்புத் துறைப் புலனாய்வின் பிரையன் ஜோன்ஸ், இராக்கின் ஆயுதங்கள் பற்றி பிளேர் அரசு 2002 செப்டம்பரில் வெளியிட்ட ஆவணத்தின் சொற்கள் சான்றைவிட வலுவாக இருக்கின்றன என்று எழுத்திலேயே ஆட்சேபித்தார். 45 நிமிடத்தில் ஆயுதங்கள் தயாராகும் என்ற வரி அப்படியே அச்சாகியது.

உளவுத்துறையை நான் தூய்மையானது என்று சொல்ல வரவில்லை. பெரும்பான்மைக் கருத்து தவறாகத்தான் இருந்தது. அந்தத் தவறு சிஐஏவுக்குச் சொந்தம். மறுத்தவர்கள் உள்ளே இருந்தும் அவர்கள் குரலை மக்கள் கேட்காமல் செய்தது ஆட்சியாளர்கள்.

2003 மார்ச்சில் போர் தொடங்கியது. அண்ணன் போன் செய்தான். அறை ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் வைத்து டேப் ஒட்டியிருக்கிறார்களாம். மாத இறுதியில் குவைத் நகர வணிக வளாகம் ஒன்றின் அருகே ஏவுகணை விழுந்த செய்தி வந்தபோது பெரியம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இல்லாத ஆயுதத்துக்காக எங்கள் வீட்டில் அழுத அழுகை உண்மையானது. இராக்கில் அழுதவர்களின் அழுகையோடு அதை ஒப்பிட எனக்கு மனம் வராது.

போருக்குச் சில நாள் முன்னால், மார்ச் 11 அன்று, ஆஸ்திரேலியாவின் உளவு அமைப்பான தேசிய மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஆண்ட்ரூ வில்கி போரை எதிர்த்துப் பதவி விலகினார். பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கேத்தரின் கன், பாதுகாப்பு கவுன்சிலின் ஊசலாடும் நாடுகளை ஒட்டுக்கேட்க அமெரிக்கா உதவி கேட்ட மின்னஞ்சலை வெளியே கொடுத்தார். வேலை போனது, ரகசியச் சட்டத்தில் வழக்கும் பாய்ந்தது. 2004 பிப்ரவரியில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டெனட்டுக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. தேடிய ஆயுதக் கிடங்குகள் இராக்கில் கிடைக்கவில்லை. அந்த உரை தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று 2005-ல் பாவெல் சொன்னார்.

"எங்கள் உளவுத்துறை சொல்கிறது" என்று எந்த அரசாவது போருக்கு ஆள் கூட்டினால், அது நம் அரசாகவே இருந்தாலும், ஒன்றைக் கேளுங்கள்: உள்ளே யார் மறுத்தார்கள், என்ன எழுதினார்கள்? அந்தத் தாளைக் காட்டும்வரை நம்பாதீர்கள்.