வீங்கின கொள்ளளவிகளும் எங்கட கணினி அறையும்



தூக்கிப் போட வேணும் என்று கணினி அறை மூலையில் அடுக்கி வைத்திருந்த ஆறு கணினிகளில் நாலு இப்ப ஓடுது. எப்படித் திருத்தினீங்கள் என்று பெற்றோர் பலர் கேட்டபடியால் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கோ.

முதல் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேணும். "போட் பழுது, அதைத்தான் திருத்துறம்" என்று சொன்னதும் ஒரு உம்மா பதறிப்போய், "எந்தப் போட் சேர், காலமை குறிகட்டுவான் போறதோ?" என்று கேட்டா. நயினாதீவில் போட் என்றால் கடலில் ஓடுறதுதானே. பாடப்புத்தகத்தில் தாய்ப்பலகை என்று நல்ல பெயர் இருக்கு, அதையே பாவிக்கிறோம்.

இந்த ஆறும் 2004 காலத்துத் தாய்ப்பலகைகள், யாரோ பாவித்துவிட்டுத் தந்தவை. இவை நின்றபிறகு ஒரு கணினிக்கு ஏழு பிள்ளைகள். மவுஸைப் பிடிக்கிறது எப்பவும் அதே இரண்டு பேர், மற்றப் பிள்ளைகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். பின்னுக்கு நிற்கிற பிள்ளை பத்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு கோப்பைத் தானாகச் சேமித்துப் பார்த்திருக்காது. புதிதாக வாங்குவோம் என்றால், 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியபிறகு அந்தக் கதையே எடுபடவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினோம். திறந்தும் பார்க்காமல் "பழசு, எறியுங்கோ" என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் திறந்து பார்த்தோம். விஞ்ஞான மாஸ்டர் ஒருவர், படகுகளின் ஜீபிஎஸ், ஆழமானி திருத்துகிற எங்கட பழைய மாணவன் ஒருவன், இந்தப் பதிவை எழுதுகிற கை என்று மூன்று பேர். புரொசசரைச் சுற்றி வரிசையாக நிற்கிற சின்ன உருளைகளின் தலை வீங்கி, சிலதில் பனங்கட்டிப் பாகு காய்ந்ததுபோல மண்ணிறமாக ஏதோ வழிந்திருந்தது. அவைதான் கொள்ளளவிகள்.

அதன் வேலையை எங்கட ஊர்ப்பிள்ளைக்கு விளக்குவது லேசு. பவுசர் விட்டு விட்டுத்தான் தண்ணி கொண்டுவரும், ஆனால் தாங்கி இருந்தால் பைப்பில் சீராக வரும். 12 வோல்ட் மின்னை ஒன்றரை வோல்ட் அளவுக்குக் குறைத்து புரொசசருக்குக் கொடுக்கும் சுற்றும் துண்டு துண்டாகத்தான் அனுப்பும். அதைச் சீராக்குகிற தாங்கி இந்த உருளை. தாங்கி ஓட்டையானால் காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். இல்லாவிட்டால் மூன்றாம் தரம் பொத்தானை அமத்தத்தான் உயிர் வரும்.

இது எங்கட ஆறு பெட்டிக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லை. 1999க்கும் 2007க்கும் இடையில் செய்த கொள்ளளவிகள், முக்கியமாகத் தாய்வான் கம்பனிகள் சிலவற்றினுடையவை, உலகம் முழுக்க இப்படி வீங்கின. உள்ளே இருக்கிற திரவத்தில் தண்ணீர் கூட, அலுமினியத்தைக் காக்கிற மருந்து குறைவு. தண்ணீர் அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவை விடும், வாயு தலையை உப்பப் பண்ணும். தலையில் கீறியிருக்கிற சிலுவைக் கோடு அலங்காரமில்லை, வெடிக்காமல் அவ்விடத்தால் கிழியத்தான் அது. யப்பானில் இருந்து திருடிய சூத்திரத்தை அரைகுறையாகக் கொப்பியடித்ததால் வந்த வினை என்று 2002, 2003இல் ஒரு கதை பரவியது. சுவையான கதைதான், ஆனால் முழுக்க நம்ப மனம் வரவில்லை. பேர்போன யப்பான் கம்பனியான நிச்சிகோனின் சில வகைகளும் அதே காலத்தில் வீங்கினவே. அவற்றைப் பொருத்திய ஒப்டிபிளெக்ஸ் கணினிகளுக்காக டெல் 2005இல் ஏறத்தாழ 30 கோடி டொலரை ஒதுக்க வேண்டி வந்தது.

உப்புக்காற்றும் ஜெனரேட்டர் கரண்டும்தான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தோம். 105 பாகையில் 2000 மணித்தியாலம் என்று எழுதியிருக்கிற நல்ல கொள்ளளவி, வெப்பம் ஒவ்வொரு 10 பாகை குறையக் குறைய இரண்டு மடங்கு காலம் உழைக்கும். 65 பாகை என்றால் 32,000 மணித்தியாலம். பள்ளிக்கூடத்தில் வருசம் 1000 மணித்தியாலம் ஓடினாலும் 32 வருசம். ஆகவே எங்கட தீவைக் குறைசொல்ல இடமில்லை, பொருளே பழுது. இந்தக் கணக்கைப் பதினொராம் வகுப்புக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டினோம், அலுமினியப் பாடமும் அதோடேயே முடிந்தது.

இனி வேலை. பெறுமதி அதே மைக்ரோபரட், வோல்ட் அதே அல்லது கூட, விட்டம் அதே. கடையில் "லோ ஈஎஸ்ஆர்" என்று கேட்டு வாங்க வேணும். ரேடியோவுக்குப் போடுகிற சாதாரண வகை இங்கே தாக்குப்பிடிக்காது. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் இருந்து எடுப்பித்தோம். ஒரு தாய்ப்பலகைக்கு எட்டு, ஒரு கொத்துரொட்டிக் காசுதான். கழற்ற முதல் போனில் படம் எடுத்துக் கொண்டோம், ஏனென்றால் கோடு போட்ட பக்கம் மறை முனை, மாறிப் பூட்டினால் வெடிக்கும். பலகைக்குள் செப்புத் தகடு படை படையாக இருப்பதால் 25 வாட் சோல்டரிங் அயனின் சூட்டை அது குடித்துவிடும், 60 வாட் வேணும். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் விட்டு, ஒரு காலைச் சூடாக்கிச் சரித்து, பிறகு மற்றக் காலை எடுக்க வேணும். இழுத்துப் பிடுங்கினால் ஓட்டைக்குள் இருக்கிற செப்பும் சேர்ந்து வரும். ஓட்டையைத் துப்புரவாக்கத் தையல் ஊசியே போதும். லுஹருக்குப் பிறகு தொடங்கினால் அஸருக்குள் ஒன்று முடியும். முதலாவது பெட்டி ஓடினபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அதிபரே ஓடி வந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

மிச்ச இரண்டில் ஒன்றின் செப்புக் கோடுகளை உப்பு பச்சையாகத் தின்றிருக்கு. அந்தக் குற்றத்தை மட்டும் கடற்காற்றின் தலையில் போடலாம். மற்றதுக்கு உயிர் வரவில்லை, வைத்திருக்கிறோம்.

இப்ப கேட்பது இதுதான். வீட்டில் ஓடாமல் கிடக்கிற பழைய கணினி இருந்தால், வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்து உறவுகளும்தான், எறிய முதல் எங்களிடம் சொல்லுங்கோ. ஆனால் மின்வழங்கிப் பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் ஆடலோட்டம் நேரோட்டமானால் ஏறத்தாழ 325 வோல்ட், பிளக்கைக் கழற்றின பிறகும் அது உள்ளே கொஞ்ச நேரம் நிற்கும். பெட்டியை அப்படியே கொண்டு வாங்கோ. வியாழன் பின்னேரம் கணினி அறை திறந்திருக்கும்.