கோட்டைப் பகுதியில் ஓர் ஓட்டம்

மும்பை மாநகரில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையன்று நடைபெறும் மராத்தான் ஓட்டத்தைப் பற்றி நம் அன்பர்கள் அறியாதிருக்க முடியாது. 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வோட்டம், கொரோனாக் காலத்தில் தடைப்பட்டு, 2023-ல் மீண்டும் உயிர் பெற்றது. 42.195 கிலோமீட்டர் ஓடும் வீரர்களைப் பத்திரிகைகள் பாராட்டி எழுதுகின்றன. நான் எழுதப் புகுவது அவர்களைப் பற்றியன்று. அதே நாளில் சாமானிய மக்களுக்காக ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு ‘ட்ரீம் ரன்’ என்றொரு ஓட்டமும் நடைபெறுகிறது. கனவு ஓட்டம் என்று நாம் சொல்லலாம். அதில் பரிசும் இல்லை, தோல்வியும் இல்லை. ஓட்டம் என்பது பெயரளவில்தான். கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் நடக்கவே செய்கிறார்கள். கிழவர் முதல் குழந்தை வரை குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தரும காரியங்களுக்குப் பொருள் திரட்டும் சங்கத்தார் பதாகைகளோடு வருகிறார்கள். கடவுளர் வேடமும் கோமாளி வேடமும் புனைந்து வருவோரும் உண்டு.

2025 ஜனவரி 19, பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள், எங்கள் குடும்பத்தில் நால்வர் இதில் கலந்துகொண்டோம். நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், எழுபத்தொரு வயதான என் தாயார்.

முதலில் மூவருக்குத்தான் பெயர் கொடுப்பதாக இருந்தது. மாதுங்காவின் ஐந்து தோட்டங்களை நாள்தோறும் காலையில் சுற்றி ஓடும் வழக்கமுடைய என் மகன், “வந்தால் ஓட வேண்டும், உலாவ வரக்கூடாது” என்ற நிபந்தனையோடு எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே, “அது எந்த வழியாப் போகுது?” என்று கேட்டார். வி.டி. ஸ்டேஷனில் தொடங்கி, தாதாபாய் நவ்ரோஜி சாலை வழியாக ஃபவுண்டன், சர்ச்கேட், பிறகு மெரைன் டிரைவ் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். “ஃபவுண்டன் வழியாவா? அப்போ எனக்கும் ஒரு சீட்டு வாங்கு” என்றார்.

இதன் காரணம் அன்று எனக்கு விளங்கவில்லை. என் தந்தையார் 2022-ல் காலமான பிறகு கோயிலுக்கும் காய்கறிச் சந்தைக்கும் அப்பால் அம்மா காலடி வைத்ததில்லை. பாளையங்கோட்டையிலிருக்கும் என் தம்பி, “அந்த இரண்டு அறைக்குள் அம்மா அடைந்து கிடக்க வேண்டாம். இனி இங்கேயே என்னோடு இருக்கட்டும்” என்று சொல்லி, பிப்ரவரி மாதத்து ரயிலில் அவருக்குத் திரும்பும் தேதி குறிக்காத ஒருவழி டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அம்மா அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பேரன் வாங்கித் தந்த வெள்ளைக் கான்வாஸ் ஷூவைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, ஒரு மாத காலம் கட்டிடத்தின் நடைபாதையில் மாலைதோறும் நடந்து பழகினார். இவ்விடத்தில் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: புது ஷூவை ஓட்டத்தன்று காலையில் முதன்முதலாக அணியாதீர்கள். என் மனைவி அணிந்தாள். இருநூறு அடி தாண்டுமுன்னே குதிகால் தோல் உரிந்துவிட்டது.

சாலைகளை மூடிவிடுவார்களாதலால் விடியற்காலை லோக்கல் வண்டியிலேயே போனோம். தாதர், பரேல், பைகுல்லா என்று ஒவ்வொரு நிலையத்திலும் மார்பில் எண் அட்டையை ஊக்கினால் குத்திக்கொண்ட ஜனங்கள் ஏறினார்கள். இறங்குமிடம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். பழைய மும்பைக்காரர் நாவில் அது இன்றும் வி.டி.தான். பிரெடரிக் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயச் சிற்பி வகுத்த அந்த மாளிகை 1888-ல் கட்டி முடிந்தது. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால் நம்மவர் பலருக்கு அது சிற்பக்கூடமன்று. தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய வாசல். 1973-ல் மணமாகி, பத்தொன்பது வயதில், அம்பாசமுத்திரத்திலிருந்து சென்னை வந்து அங்கிருந்து மெயில் வண்டியில் அம்மா வந்து இறங்கியதும் அங்கேதான். “அன்னைக்கும் இவ்வளவு கூட்டந்தான்” என்றார்.

காலை எட்டு மணியளவில் ஓட்டம் தொடங்கியது. கூட்டத்தில் முதல் கால் மணி நேரம் ஓட்டமாவது! தோளோடு தோள் இடிபட நகர்ந்தோம். இடம் கிடைத்ததும் என் மகன் சிட்டாய்ப் பறந்துவிட்டான். நான் பின்னாலிருந்து கூவினேன். “இளம்பிள்ளை, போகட்டும் விடுங்கள்” என்றாள் மனைவி. “ஆச்சியோடு வரத்தானே அழைத்து வந்தான்” என்றேன் நான். இப்படியே நடுத்தெருவில் வாக்குவாதம் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம்.

நால்வருடைய கைபேசிகளும் மகனுடைய இடுப்புப் பையில் இருந்தன. சுமையின்றி நடக்கலாம் என்று நான் செய்த ஏற்பாடு அது. பிரிந்தால் எங்கே கூடுவது என்று முன்கூட்டிப் பேசிவைக்கவும் இல்லை. ஒரு புறம் மேளம், மறுபுறம் ஒலிபெருக்கி. ஆயிரக்கணக்கான மக்கள் ஒரே நிறச் சட்டையில் செல்லும் வெள்ளத்தில் ஓர் அரக்குப் புடவையை எங்கே தேடுவது? தொண்டர்களிடம் சொன்னோம். மனைவி செருப்பின்றி ஒரு காலை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் தேடினாள், நான் மறுபக்கம். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் என் மனம் போகாத இடமில்லை. தம்பிக்கு என்ன பதில் சொல்வேன் என்றுகூட எண்ணினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மகன் திரும்பி ஓடி வந்தான். நாங்கள் பின்னால் வராததைக் கண்டு வந்திருக்கிறான். செய்தியைக் கேட்டதும் அவன் பதறவில்லை. “ஆச்சி தாத்தா ஆபீஸுக்குப் போயிருப்பாங்க” என்றான்.

தாதாபாய் நவ்ரோஜி சாலையின் இருமருங்கிலும், கட்டிடங்களின் கீழ்த்தளத்தில், தூண் வரிசைக்குள் நடைபாதை செல்வதை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க வெகு வசதி. மற்ற நாட்களில் கடைவிரிப்பாருக்கும் ஆபீஸ் கூட்டத்துக்குமிடையே அங்கே நின்று பார்க்க இயலாது. அன்று அது வெறிச்சோடியிருந்தது. அந்த வழியாக ஃபவுண்டனை நெருங்கி, ஒரு குறுக்குச் சந்தில் திரும்பியதும், பூட்டிய இரும்புக் கதவின் முன்னே அம்மா நின்றுகொண்டிருந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் என் தந்தையார் வி.டி.யில் இறங்கி நடந்து வந்து வேலை செய்த கட்டிடம் அது. நான்காம் மாடி. கம்பெனி எப்போதோ இடம் மாறிவிட்டது.

அம்மா கோட்டைப் பகுதியை அதுவரை பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார், எங்களைக் கடற்கரைக்கு அழைத்து வரும்போது சர்ச்கேட் வழியாக. ஆனால் அவர் நடந்த வழியில் நடந்ததில்லை. “ஸ்டேஷன்லேருந்து பன்னெண்டு நிமிஷம்னு தினமும் சொல்லுவாக. எனக்கு இருபத்தஞ்சு ஆயிட்டு” என்றார். வழியை யாரிடமும் கேட்கவில்லையாம். மூலைக்கு மூலை அவர் சொல்லிய அடையாளங்கள் மனத்தில் இருந்தனவாம்.

எனக்குத் தெரியாதது என் மகனுக்கு எப்படித் தெரிந்தது? ஓய்வு பெற்றபின் தந்தையார் ஒரு கோடை விடுமுறையில் பேரனை அழைத்து வந்து இந்தக் கட்டிடத்தைக் காட்டியிருக்கிறார். நானோ ஒருநாளும் வந்ததில்லை. அவரும் என்னை அழைத்ததில்லை. பிள்ளைகளோடு பேசாத தகப்பன்மார் பேரர்களோடு எவ்வளவு பேசுகிறார்கள்!

அதன்பின் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபவுண்டன் 1864-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒன்றுபட்ட மகாராஷ்டிரத்துக்காக உயிர் நீத்தோரின் நினைவுச் சின்னம் அதனருகே நிற்பதால் அச்சதுக்கத்துக்கு ஹுதாத்மா சௌக் என்று பெயர். மெரைன் டிரைவில் கடற்காற்று இதமாயிருந்தது. வழியோரம் நின்ற மராத்தி மூதாட்டி ஒருவர் அம்மாவின் ஷூவையும் புடவையையும் பார்த்துக் கைகொட்டி “ஷாபாஷ் ஆஜி!” என்றார். என் மகன் பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு கடைசி வரை நடந்தே வந்தான். நிபந்தனையை அவனும் பேசவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை. சந்தில் நின்ற நேரம் உட்பட எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. 2023-ல் இதே மராத்தானில் எத்தியோப்பிய வீரர் ஹெய்லே லெமி 42 கிலோமீட்டரையும் 2 மணி 7 நிமிடம் 32 வினாடியில் கடந்தார் என்பதை இங்கே குறிப்பிடுவது எங்கள் பெருமைக்கு உகந்ததன்று.

வீடு திரும்பி, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு, அன்றிரவு அம்மா தம்பியோடு தொலைபேசியில் பேசினார். ஷூவைப் பற்றியும் பூட்டிய கதவைப் பற்றியும் நெடுநேரம் சொன்னார். முடிவில், “பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வாரேன். பத்து நாள் இருந்துட்டுத் திரும்பிருவேன். வரப் போக ரெண்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திரு” என்றார். மறுமுனையில் தம்பி ஏதோ சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அதெல்லாம் நேர்ல பேசிக்கிடலாம்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பிப்ரவரி டிக்கெட்டைத் தம்பியே ரத்துச் செய்தான்.