2133... 3200... ஒரு மன்னிப்பு!

இரண்டு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்ட தெம்பில், ஒரு நல்ல மனிதரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். மலருக்கு ஏதாவது எழுது என்றதும் நினைவுக்கு வந்தது அதுதான்.

2025 மே மாதம். அம்மா சீட்டு எடுத்த 35,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "ப்ராஜெக்ட்டுக்கு வேணும்ங்கற. பார்த்து வாங்கு சாமி" என்றார். கோவை காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடை. ரைசன் 5 5600ஜி பிராசஸர், 8 ஜிபி மெமரி இரண்டு. மெமரிப் பெட்டியில் பெரிதாக 3200 என்று போட்டிருந்தது.

அன்றிரவு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். மெமரி வேகம் 2133! எனக்குத் தலை சுற்றியது. பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் போட்டுத் தந்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். கடைக்காரர் நிதானமாக, "தம்பி, பயாஸ்ல எக்ஸ்.எம்.பி. ஆன் பண்ணீங்களா?" என்று கேட்டார். கேட்கிற நிலையிலா நான் இருந்தேன்? "எனக்கே சொல்லித் தர்றீங்களா? ஊரை ஏமாத்தறீங்க!" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டுத் திரும்பினேன். அவர் பதிலே பேசவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் மதர்போர்டு கையேட்டைப் புரட்டினேன். விஷயம் இவ்வளவுதான்: எந்த போர்டில் மாட்டினாலும் முதலில் கிளம்ப வேண்டும் என்பதற்காக, மெமரி ஒரு பொதுவான குறைந்த வேகத்தில்தான் தொடங்கும். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கான கணக்கு மெமரிக்குள்ளேயே பதிவாகி இருக்கும். அந்தப் பதிவுதான் எக்ஸ்.எம்.பி. அதை நாம்தான் பயாஸில் தேர்வு செய்ய வேண்டும்!

வீட்டுக்கு வந்து ஆன் செய்தேன். ஸ்க்ரீன் கறுப்பு. அணைந்தது, மறுபடி கிளம்பியது, மறுபடி கறுப்பு. அம்மாவின் சீட்டுப் பணம் கண் முன்னால் வந்தது. பிறகு விண்டோஸ் வந்தது. புது வேகத்துக்கு மெமரியைப் பழக்க போர்டு எடுத்துக்கொண்ட நேரம்தான் அது! டாஸ்க் மேனேஜரில் 3200. இன்னொரு சாஃப்ட்வேரில் 1600 என்று காட்ட, மறுபடி திக்கென்றது. ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போவதால்தான் டி.டி.ஆர். என்று பெயர்; 1600-ன் இருமடங்கே 3200. தேர்வில் எழுதினால் மார்க் வாங்கியிருப்பேன், வீட்டில் மறந்துவிட்டேன்!

அத்தோடு விட்டேனா? கேபினட் ஃபேன் ஓயாமல் இரைந்தது. பயாஸில் பிராசஸர் ஃபேன், கேபினட் ஃபேன் இரண்டையும் ஒன்றாகக் குறைத்தேன். இரைச்சல் குறையவில்லை. சூடு மட்டும் 95 டிகிரிக்கு ஏறி, சிஸ்டம் ஆமையாய் நகர்ந்தது. மெமரி வேகத்தைக் கூட்டியதால் வந்த வினையோ என்று பயந்துபோனேன்.

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். கம்ப்யூட்டர் தெரியாது; சூடு தெரியும். வந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தனை மாத்துன கண்ணு?"

"மூணுங்ப்பா."

"மூணை ஒண்ணா மாத்துனா எது கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் பழையபடி வை. ஒண்ணொண்ணா மாத்தி ஓட்டிப் பாரு. அதுசரி, காத்து போறதுக்கு வழி எங்க?"

அப்போதுதான் பார்த்தேன். கேபினட்டை மேஜைக்குக் கீழே, மூன்று பக்கமும் பலகை அடைத்த அறைக்குள் தள்ளி வைத்திருந்தேன்!

அப்பா சொன்னபடி செய்தேன். பிராசஸர் ஃபேனைப் பழைய நிலைக்கு வைத்ததும் சூடு இறங்கியது. 3200 அப்படியே இருந்தது. ஆக, மெமரி மேல் குற்றமில்லை. கேபினட் ஃபேனின் வயரை எண்ணினேன்: மூன்றுதான். பயாஸோ பி.டபிள்யூ.எம். முறையில் இருந்தது. அந்த முறையில் வேகத்தைக் குறைக்கும் சிக்னல் நாலாவது வயரில் போகும். நாலாவது வயரே இல்லாத ஃபேன் 12 வோல்ட்டில் முழு வேகமாகச் சுற்றாமல் என்ன செய்யும்? வோல்ட்டேஜைக் குறைக்கும் டி.சி. முறைக்கு மாற்றினேன். இரைச்சல் அடங்கியது. கடைசியாகக் கேபினட்டை வெளியே இழுத்து வைத்தேன். வேலை நேரத்திலும் சூடு 80-ஐத் தாண்டவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, நான் கத்திய கத்தல்?

மறுநாள் மறுபடி காந்திபுரம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். காத்திருந்து தனியாகச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கத்தியது எல்லார் முன்னாலும்தானே? "அண்ணா, தப்பு என்னோடதுங்க. மன்னிச்சிருங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க கத்துனதும் ஒருத்தர் ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டுப் போயிட்டார் தம்பி" என்றார். பிறகு டீ சொன்னார். அந்த டீ எனக்கு இறங்கவே இல்லை.

நண்பர்களே, நாளை நாமும் சர்வீஸுக்குப் போவோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதைக் குறித்து வையுங்கள். காற்றுக்கு வழி விடுங்கள். ஆளைச் சந்தேகப்படும் முன் கையேட்டைப் படியுங்கள். தவறான செட்டிங்கைப் பழையபடி வைத்துவிடலாம். போன அந்த வாடிக்கையாளரை நான் எங்கே போய்த் தேடுவேன்?