கரண்ட் போய் வந்தாலும் மறக்காத என்கோடர்

ஒரு தொழிற்சாலையில் கிரேன் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. பிரேக் பிடித்துக்கொள்வதால் பாரம் அந்தரத்தில் நிற்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வருகிறது. இப்போது கிரேனை இயக்கும் பி.எல்.சி.க்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கொக்கி எந்த உயரத்தில் இருக்கிறது?

இதற்குப் பதில் சொல்வதுதான் ரோட்டரி என்கோடர். சுழலும் தண்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளந்து சொல்லும் சின்னக் கருவி. ஆனால் வாங்கலாம் என்று கேட்டலாக்கைத் திறந்தால் தலை சுற்றிவிடும். கடைசியில் பலரும் "அதிக பிட் உள்ளதே நல்லது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது சரியா?

முதலில் வகையைப் பார்ப்போம். இன்கிரிமென்டல் என்கோடர் பல்ஸ்களை மட்டும் அனுப்பும். எண்ணுவது மறுமுனையில் உள்ள கவுண்டரின் வேலை. எண்ணிக்கையைச் சேமித்து வைத்தாலும், கரண்ட் இல்லாத நேரத்தில் தண்டு நகர்ந்திருந்தால் அது தெரியாது. மறுபடி ஆரம்பப் புள்ளிக்குப் போய்த்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். பாரம் தொங்கும்போது அது நடக்கிற காரியமா?

அப்சல்யூட் என்கோடரில் ஒவ்வொரு நிலைக்கும் தனி எண் உண்டு. ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. டிரம் ஒரு சுற்றுக்கு 1 மீட்டர் கயிற்றைச் சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். கொக்கி 30 மீட்டர் ஏற 30 சுற்று வேண்டும். சிங்கிள் டர்ன் வகைக்கு ஒரு சுற்றுக்குள் உள்ள கோணம் மட்டுமே தெரியும். 5 மீட்டரும் 17 மீட்டரும் அதற்கு ஒன்றுதான். எனவே மல்ட்டி டர்ன் வேண்டும். சுற்றுகளை நினைவில் வைக்கச் சிலவற்றில் பல்சக்கரம், சிலவற்றில் பேட்டரி, சிலவற்றில் தண்டு சுழலும்போதே மின்துடிப்பை உண்டாக்கும் வீகாண்ட் கம்பி இருக்கும். பேட்டரி என்றால் அதை மாற்றும் தேதியை யாராவது நினைவில் வைக்க வேண்டும்!

அடுத்து நெட்வொர்க். புரொஃபிபஸ், கேன்ஓப்பன், புரொஃபிநெட், 2003இல் வந்த ஈத்தர்கேட் என்று பல இருக்கின்றன. எது சிறந்தது என்பதைவிட, பி.எல்.சி.க்கு எந்த மொழி தெரியும் என்பதே முதல் கேள்வி. பிறகு தூரம். கேன்ஓப்பனில் வேகம் 500 கிலோபிட் என்றால் சுமார் 100 மீட்டர், 125 கிலோபிட் என்றால் சுமார் 500 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் மறக்கக்கூடாது. பவரை அணைத்துவிட்டு மீட்டரில் அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும்.

இப்போது அந்த பிட் விஷயத்துக்கு வருவோம். 13 பிட் என்றால் ஒரு சுற்று 8192 பாகம். நம் டிரம்மில் ஒரு பாகம் 0.12 மில்லிமீட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொக்கி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும்போது, 10 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் தகவல் வருகிறது என்றால், அதற்குள் கொக்கி 10 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பாரம் ஏறினால் கயிறும் நீளும். இங்கே 16 பிட்டுக்குக் கொடுக்கும் பணம் வீண். எத்தனை பிட் என்பதோடு, வந்து சேரும் எண் எவ்வளவு பழையது என்பதையும் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கருவி ஒருநாள் நடு இரவில் பழுதாகும். புதியதை மாட்டுபவர் நெட்வொர்க் முகவரியை எப்படிக் கொடுப்பார்? கருவியிலேயே சுவிட்ச் இருந்தால் ஸ்க்ரூடிரைவர் போதும். இல்லையென்றால் லேப்டாப்பும் சாஃப்ட்வேரும் வேண்டும். எப்படியானாலும், சரியான உயரத்தைப் புதிதாகப் பதிவு செய்யாமல் கிரேனை ஓட்டக்கூடாது.

ஆக, விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் ஒருமுறை அந்த அந்தரத்தில் தொங்கும் பாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழேயும் ஆட்கள் நடமாடும் இடம்தான் தொழிற்சாலை.