முதல் குழுவின் சத்தம்

டேவிட் கில்மர் என்ற கிட்டார் கலைஞரை பிங்க் ஃபிளாய்ட் குழுவோடு சேர்த்துத்தான் உலகம் அறியும். 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் அந்தக் குழுவுக்குள் வந்தார். அதற்கு முன்பு கேம்பிரிட்ஜில் ஜோக்கர்ஸ் வைல்ட் என்ற உள்ளூர்க் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். 1964-இல் தொடங்கிய குழு. பெரும்பாலும் அடுத்தவர்களின் பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். லண்டனில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் ஐந்து பாட்டுகளைப் பதிந்து, ஐம்பதைத் தாண்டாத எண்ணிக்கையில் இசைத்தட்டு போட்டு, வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டுகளின் நாடாப் பிரதி ஒன்று இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலிக் காப்பகத்தில் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.

இதைப் படித்ததும் எனக்குப் புதுக்கோட்டைதான் நினைவுக்கு வந்தது. ஊர்ப் பையன்கள் சேர்ந்து அடுத்தவர் பாட்டை வாசித்த ஒரு குழுவின் சத்தத்தை அறுபது வருஷம் கழித்தும் ஒரு தேசம் பாதுகாத்து வைத்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் எத்தனை குழுக்கள்! அவற்றின் சத்தம் எங்கே இருக்கிறது?

திருவப்பூர் மாரியம்மன் கோயில் திருவிழா, நார்த்தாமலை பங்குனித் திருவிழா, ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கத்துக் கோயில் விசேஷங்கள் என்று பாட்டுக் கச்சேரி கேட்டே வளர்ந்தவன் நான். சாமி வீதியுலா கிளம்பிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் மேடை களைகட்டும். ‘மைக் டெஸ்டிங்’ ஓயவே அரை மணி நேரமாகும். டிரம்ஸ், தபேலா, கீபோர்டு, ஓரத்தில் பேஸ் கிட்டார், அவருக்கு முன்னால் லீட் கிட்டார். எல்லாரும் பாடகரையே பார்த்துக்கொண்டிருக்க, நான் கிட்டார்க்காரரின் இடது கையைத்தான் பார்ப்பேன். ‘இளைய நிலா’ பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்காத ஊர் கிடையாது. 1982-இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்துக்காக ஒலிப்பதிவில் அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்தத் தொடக்க இசையில் ஒரு சுரம் வழுக்கினாலும் கூட்டம் கண்டுபிடித்துவிடும். எங்கள் ஊர்களில் கிட்டார் என்றால் என்னவென்றே தெரியாத பாட்டிகளுக்குக்கூட அந்த இடம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரியும்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்படி வாசித்தவர். கையில் கிவ்சன் கிட்டார். பகலில் டைலர் கடை, ராத்திரியில் மேடை. பிறகு திருச்சியில் பேர்பெற்ற ஒரு குழுவுக்குப் போனார். நல்ல சம்பளம், நல்ல ஆம்ப்ளிஃபையர், சீருடை எல்லாம் கிடைத்தது. வருஷங்கள் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, “எதுண்ணே உங்களுக்குப் பிடிச்ச குழு?” என்று கேட்டேன். யோசிக்காமல் பழைய குழுவின் பெயரைச் சொன்னார். “பெரிய குழுவுல எல்லாம் ஒழுங்கா இருக்கும் தம்பி. நாம வாசிச்சுட்டு வந்துரலாம். இங்க அப்படியா? பாடுறவரு திடீர்னு அரைக் கட்டை ஏறிப் போயிருவாரு. கூடவே ஓடிப்போயி அவரைப் பிடிச்சுக் கொண்டாரணும். என் காதைத் தொறந்துவிட்டது அந்தப் பழைய குழுதான்.”

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பார்த்தால் எங்கள் ஊர்க்காரரான நடிகர் பி.யு. சின்னப்பாவின் வாழ்க்கை வேறு மாதிரித் தெரிகிறது. புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா 1916 மே 5-ஆம் தேதி பிறந்தார். அப்பா நாடக நடிகர். சதாரம் நாடகத்தில் குட்டித் திருடனாகச் சின்னப்பா மேடையேறியபோது வயது ஐந்து. பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. வீட்டில் வறுமை. கயிற்றுக் கடை ஒன்றில் மாதம் ஐந்து ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பிறகு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய சபா அது. டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றதும் அங்கேதான். அங்கே சின்னப்பாவுக்குக் கிடைத்தவை சின்னச் சின்ன வேஷங்கள். அதன் பிறகு, புதுக்கோட்டைக்கு நாடகம் போட வந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. மூன்று வருஷ ஒப்பந்தம், மாதம் பதினைந்து ரூபாய். அவர் தனியாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கம்பெனி முதலாளி சச்சிதானந்தம் பிள்ளை கேட்டு அசந்துபோய், சம்பளத்தை எழுபத்தைந்தாக உயர்த்தி ராஜபார்ட்டாக ஆக்கினார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. எம்.ஜி.ஆர். சிறுவனாக வேஷம் கட்டியதும் இதே கம்பெனியில்தான்.

சின்னப்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து தொடங்கி வேகமாகச் சினிமாவுக்குப் போய்விடுகிறார்கள். மீனலோசனி சபா ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. முதலாளியை அசத்திய அந்தக் குரலும் பாட்டும் ஒரே ராத்திரியில் வந்துவிடுமா? சின்ன வேஷக்காரப் பையன் மேடைக்கு வருவது கொஞ்ச நேரம்; மீதி நேரமெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று கேட்பான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று அத்தனை பேரின் பாட்டும் அவன் காதில் விழும். கால் ஹார்மோனியக்காரர் எந்த இடத்தில் சுருதியைக் கொடுக்கிறார், எந்த இடத்தில் பாடுகிறவரைத் தாங்குகிறார் என்பது தெரியும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். பாய்ஸ் கம்பெனிகள் எப்படி நடந்தன என்பதை டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான ஔவை டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம், இதே பாதையில் கொஞ்ச தூரம் நடந்த எங்கள் ஊர்ப் பையனைத்தான் தேடுகிறேன்.

பையன்களின் கம்பெனியில் பிழைப்பே குரலை நம்பித்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட்டும் போகும், வேலையும் போகும். சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. கம்பெனியிலிருந்து விலகினார். அப்போது அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உட்கார்ந்து முறையாகச் சங்கீதம் கற்றார். சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல் என்று உடம்பைத் தயார் செய்தார். பிறகு ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். 1936-இல் ஜூபிடர் எடுத்த சந்திரகாந்தா அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் உத்தம புத்திரன், இரட்டை வேஷம். 1941-இல் ஆர்யமாலா, 1942-இல் கண்ணகி.

1944-இல் ஜகதலப்பிரதாபன். அந்தப் படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி வரும். பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா. ஒரே மேடையில் பல சின்னப்பாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா தந்திரம் என்று அதைப் பாராட்டுவார்கள். தந்திரம்தான், ஆனால் ஒவ்வொரு சின்னப்பாவின் கையையும் தலையசைப்பையும் பாருங்கள். பக்கவாத்தியக்காரர் பாடகரை எப்படிப் பார்ப்பார், எந்த இடத்தில் சிரிப்பார், தனக்கு வாய்ப்பு வரும்போது எப்படி நிமிர்வார் என்பதெல்லாம் அந்த மனிதருக்கு உள்ளே ஊறியிருக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் ஊர் புதுக்கோட்டை. இங்கே பிறந்தவருக்கு லயம் அந்நியமாக இருக்காது. ஆனாலும் ஒரு குழுவின் எல்லா இடத்திலும் தன்னை உட்காரவைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் திரைக்குப் பின்னால் நின்ற சின்ன வேஷக்காரப் பையனிடம் தொடங்கியது என்றுதான் நான் நம்புகிறேன்.

1951 செப்டம்பர் 23-ஆம் தேதி அவர் இறந்தபோது வயது முப்பத்தைந்துதான். படங்கள் இருக்கின்றன, பாட்டுகள் இருக்கின்றன. கயிற்றுக் கடையிலிருந்து கம்பெனிக்குப் போன பையனின் குரலைக் கேட்க இன்று வழியில்லை.

இளையராஜாவின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. அவரைக் கிட்டார்க்காரராகப் பார்க்க நமக்கு மறந்துபோய்விட்டது. சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-இல் அன்னக்கிளி. இதற்கெல்லாம் முன்னால், சிறுவனாக அவர் சேர்ந்த குழு அண்ணன் பாவலர் வரதராசனுடையது. பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிய குழு. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடம் பாவலரின் பாட்டுகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை அந்தப் பக்கத்து முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அங்கே கட்சி பெற்ற வெற்றி பாவலருக்குத்தான் சேரும் என்று அன்றைய கேரள முதல்வர் இ.எம்.எஸ். பாராட்டிய செய்தியும் பேர்பெற்றது.

கோவையில் எண்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கிய ஹார்மோனியம் அந்தக் குழுவுடையது. தம்பிகள் தொடக்கூடாது என்பது அண்ணனின் கட்டளை. அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டுத் தொட்டுத்தான் ராஜாவின் விரல்கள் பழகின. பத்து வருஷம் போல ஊர் ஊராகப் போன மேடை அது. சினிமா மெட்டில் கட்சிப் பாட்டை ஏற்றிப் பாடுவார்கள். கூட்டத்தின் முகத்தைப் பார்த்து அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெட்டு காதில் விழுந்த உடனே பிடித்துக்கொள்ளாவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும். பின்னாளில் இந்த மனிதர் ஒரு பாட்டின் முதல் சில நொடிகளிலேயே நம்மைக் கட்டிப்போட்டாரே, அந்த வித்தையில் பாதி திறந்தவெளியில் கற்றது என்பது என் துணிபு. டிரினிட்டி பதக்கம் மீதிப் பாதி.

பாவலர் சகோதரர்கள் மேடையில் எப்படி ஒலித்தார்கள்? அண்ணனின் குரலுக்குப் பின்னால் தம்பியின் ஹார்மோனியம் எப்படி இழைந்தது? கேட்டவர்கள் நினைவில்தான் இருக்கிறது. ஆனால் பெயர் தங்கியது. 1981-இல் அலைகள் ஓய்வதில்லை படத்தைச் சகோதரர் பாஸ்கர் தயாரித்தபோது அதன் நிறுவனப் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ். கில்மரும் அப்படித்தான். 1978-இல் தன் பெயரில் முதல் தனித்தொகுப்பைச் செய்தபோது, பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் அவர் கூப்பிட்டது கேம்பிரிட்ஜ் காலத்துப் பழைய கூட்டாளிகளான ரிக் வில்ஸையும் வில்லி வில்சனையும். உலகத்தில் எந்தக் கலைஞரை வேண்டுமானாலும் கூப்பிடக்கூடிய நிலையில் இருந்தவர், ஆரம்பத்தில் தன் காதைத் திறந்துவிட்டவர்களைத் தேடிப் போயிருக்கிறார். அந்த இரண்டு பேரின் வாசிப்பைத் தொகுப்பில் கேட்கும்போது, எங்கள் டைலர் அண்ணன் சொன்னதற்கு அது சாட்சி போல இருக்கிறது.

நம் பக்கம் முதல் குழுக்களை மதிக்கும் வழக்கம் இல்லை. “அதுக்கு முன்னாடி ஏதோ குழுவில் இருந்தாராம்” என்று முடித்துக்கொள்கிறோம். அந்த ‘ஏதோ’வில் எத்தனை பேரின் உழைப்பு! எங்கள் மாவட்டத்துக் களபத்திலிருந்து போன செந்தில் கணேஷ் 2018-இல் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றபோது ஊரே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். கூடவே, அந்தக் குரல் கிராமத்து மேடைகளில் வருஷக்கணக்கில் பாடிப் பாடி உரமேறியது என்பதையும், பக்கத்தில் தவிலும் பம்பையும் அடித்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன். மேலே போகிறவர் ஒருவர். அந்த ஒருவரைத் தயார் செய்துவிட்டு ஊரிலேயே இருந்துவிடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களும் கலைஞர்கள்தான்.

புதுக்கோட்டைக்கு இதில் ஒரு பெருமை உண்டு, அதனால் ஒரு கடமையும் உண்டு. திருக்கோகர்ணத்தில் இருக்கும் ஞானாலயா நூலகத்தைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் சேர்ந்து, தங்கள் சொந்த உழைப்பில், பழைய நூல்களின் முதல் பதிப்புகளை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களோடு திரட்டிய இடம். ஒரு நூலின் முதல் பதிப்புக்கு என்ன மதிப்பு என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்த ஊர் இது. ஒரு கலைஞரின் முதல் குழுவும் முதல் பதிப்புதான். பிழையும் இருக்கும், திருத்தமும் இருக்காது. ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் மூலம் அதில்தான் கிடக்கிறது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மைக் செட்காரர்கள் பலர் திருவிழாக் கச்சேரிகளை டேப்பில் பதிந்து வைத்தார்கள். ஊருக்கு ஒரு வீட்டிலாவது பரண்மேல் அந்தக் கேசட்டுகள் கிடக்கும். வருஷம் போகப் போக நாடா ஒட்டிக்கொள்ளும், பூசணம் பிடிக்கும். புதுக்கோட்டை, அறந்தாங்கி, திருமயம், கந்தர்வகோட்டை பக்கத்து வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்: அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். கணினியில் ஏற்றத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். கேசட் அட்டையில் தேதி, ஊர், கோயில், கிட்டார் வாசித்தவர் பெயர், டிரம்ஸ் வாசித்தவர் பெயர் எல்லாவற்றையும் தெரிந்த மட்டும் எழுதி வையுங்கள். வாசித்தவர்கள் பலர் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.