பலா மரக் கதவும் உப்புத்தாளும்

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல்ல ஆலங்குடி பக்கம் பலா மரங்கள் வேரோட சாய்ஞ்சுது. எங்க தோட்டத்துல விழுந்ததுல ஒண்ணு அப்பா நட்டது. மத்ததெல்லாம் வியாபாரிக்குப் போயிடுச்சு. இதை மட்டும் விக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. பலகையா அறுத்து கொட்டகையில அடுக்கி வெச்சிருந்தோம்.

அடுப்படி அலமாரிக்குக் கதவு செய்யலாம்னு இப்போ எடுத்தா, பாதிப் பலகை வெடிச்சுக் கிடக்கு. மிச்சத்துல முழுக்கதவு ரெண்டுதான் தேறும். வேண்டியது எட்டு. அதனால வாள் பட்டறையில 3 மில்லிமீட்டர் ஏடா அறுத்து வாங்கி பிளைவுட் மேல ஒட்டினோம். பின்பக்கத்துக்கு அதே கனத்துல வேம்பு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா கதவு வளைஞ்சிடும்.

அடுத்தது தேய்க்கிற வேலை. கடைக்காரர் பெல்ட் சாண்டரை நீட்டினார். வேகமாத்தான் தேய்க்கும். ஆனா ஒரே இடத்துல ரெண்டு நொடி நின்னா குழி. ஓரத்துல கொஞ்சம் சாஞ்சா ஏடு போய் பிளைவுட் தெரிஞ்சிடும். அப்புறம் ஒட்டுறதுக்கு அந்த மரத்துக்கு எங்க போறது? வேண்டாம்னு ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் வாங்கினேன், 5 இஞ்ச் வட்டம். சுத்திக்கிட்டே ஆடுறதால கீறல் ஒரே பக்கமா விழாது. அழுத்தாம, மிஷினோட கனத்துக்கே விடணும்.

80-ஆம் நம்பர் தாள்ல வாள் தடம் போகும், அப்புறம் 120, கடைசியா 180. ஒவ்வொரு தாளுக்கும் முன்னாடி கதவு முழுக்க பென்சில்ல கிறுக்கி வெச்சிருவேன். கிறுக்கல் எல்லா இடத்துலயும் ஒண்ணா அழிஞ்சா சமமா தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ஓரத்துக்கு மிஷினே கிடையாது. மரக்கட்டையில உப்புத்தாளைச் சுத்தி, ரேகை போற போக்குல கையாலதான். எங்க ஆசாரி அதுவும் இல்லாம உடைஞ்ச கண்ணாடித் துண்டாலயே சுருள் சுருளா சீவிடுறார். அது நமக்கு வராது.

தூசிக்குப் பை மாட்டினாலும் மாஸ்க் கட்டாயம். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, மூக்குல புத்துநோய் வரைக்கும் கொண்டு போகும். பலாத்தூள் மஞ்சளா சட்டையெல்லாம் ஒட்டுது. புத்த பிக்குகளோட துணிக்குச் சாயம் ஏத்தினது இந்தக் கட்டையிலதான்.

ஆறு கதவு மாட்டியாச்சு. இப்போ மஞ்சளா பளிச்சுன்னு இருக்கு, போகப் போக பழுப்பாயிடும். மிச்ச ரெண்டையும் ஆடிக்குள்ள முடிக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க.