பேர்தான் சென்னை... கோப்பை தூக்கியது கோவையில்!

கோவை கணபதியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார் அவர். பம்ப்செட்டுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கிற வேலை. வலது முழங்காலில் ஒரு பழைய தழும்பு உண்டு. மாடிப்படி ஏறும்போது மட்டும் அந்தக் கால் கொஞ்சம் இழுக்கும். ஏன் என்று பட்டறையில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இளவட்டமாக இருந்தபோது உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றில் எதிராளியைத் தடுக்கப் போய் விழுந்த கதையை அரை மணி நேரம் சொல்லியிருப்பார்.

எட்டு வருஷம் கால்பந்து ஆடியவர். அதன் பிறகு கல்யாணம், வீட்டு வாடகை, பையனின் ஸ்கூல் பீஸ். ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆனால், பந்தை மட்டும் மறக்கவில்லை.

2017-ல் அவருக்கு ஒரு சந்தோஷம் தேடி வந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி, தன் ஐ-லீக் ஆட்டங்களை கோவை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றிக்கொண்டது. வ.உ.சி. பூங்கா பக்கத்தில், சுற்றிலும் கடைகளோடு இருக்குமே, அதே ஸ்டேடியம்தான். அதுவரை டி.வி-யில் மட்டுமே பார்த்த ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் நம்ம ஊருக்கே வந்து ஆடப்போகிறார்கள்! அவர் முதல் ஆட்டத்திலிருந்தே போக ஆரம்பித்துவிட்டார்.

கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலடித்தார்கள். ``ஏண்ணே, சென்னைன்னு பேரு வெச்சுக்கிட்டு இங்க வந்து ஆடுறாங்க. அவங்களுக்குப் போயி நீங்க கத்துறீங்களே?''

``மாப்பிள்ளை எந்த ஊரா இருந்தா என்னப்பா, நம்ம ஊட்டுக்கு வந்துட்டா நம்ம ஆளுதானே'' என்பார் அவர்.

வீட்டில் இருந்த கிண்டல்தான் கொஞ்சம் வலிக்கும். பையனும் கால்பந்து பைத்தியம்தான். ஆனால், அவனுக்கு பார்சிலோனா. ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு மெஸ்ஸியைப் பார்ப்பான். அப்பா, ``நேரு ஸ்டேடியத்துக்கு வா கண்ணு'' என்று கூப்பிட்டால் சிரிப்பான்.

``ஏனுங்ப்பா, போன சீசன்ல 10 டீம்ல 8-வது வந்தவங்க. இதையெல்லாம் யாராவது நேர்ல போயி பார்ப்பாங்களா?''

``உம்பட மார்க் கம்மியாயிருச்சுன்னு பக்கத்து ஊட்டுப் பையனையா எம்பட பையன்னு சொல்லிக்க முடியும்?''

அவன் சொன்னதிலும் தப்பில்லை. 2017-18 சீசனில் சென்னை சிட்டி 8-வது இடம்தான். அந்த அணியில் பளிச்சென்று ஆடிய கன்னியாகுமரிப் பையன் மைக்கேல் சூசைராஜும் சீசன் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டார். இருந்த ஒரு நல்ல ஆளும் போயாச்சு. இனி என்ன என்றுதான் அவருக்கும் தோன்றியது.

அடுத்த சீசனில் கதை மாறியது. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். புதிதாக வந்தவர்களில் ஒருவர் பெட்ரோ மான்சி. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர். இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. 2018 அக்டோபர் 26, சீசனின் முதல் ஆட்டம். கோவையில் இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று ஜெயித்தார்கள். மான்சி ஹாட்ரிக்! நெஸ்டர், சாண்ட்ரோ என்று ஸ்பெயின்காரர்கள் ஒரு பக்கம். எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற சென்னைப் பையன்கள் ஒரு பக்கம். பந்து கால்விட்டுக் கால் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பையனிடம் நாலு கோலையும் கைகால் ஆட்டி நடித்தே காட்டினார். அவன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலேயே ஜெயித்தார்கள். கோவையிலும் ஜெயித்தார்கள். 1920-ல் தொடங்கிய, லட்சக்கணக்கான ரசிகர்கள் இருக்கிற கிளப் அது. அவர்களை இந்தக் குட்டி அணி இரண்டு முறை தோற்கடித்தது. 8-வது இடத்தில் இருந்தவர்கள் முதலிடத்தில் உட்கார்ந்தார்கள்.

கடைசிக்கு முந்தின ஆட்டத்தில்தான் சறுக்கல். ஜெயித்திருந்தால் அன்றே கோப்பை. ஆனால், சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றுவிட்டார்கள். அன்றைக்கு அவர் ராத்திரி சாப்பிடவில்லை. ``பந்துக்கு எதுக்குங்க பட்டினி?'' என்று மனைவி தட்டை எடுத்து வைத்துவிட்டார்.

எல்லாம் கடைசி நாளுக்கு வந்து நின்றது. 2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஒரு அணிக்கு 20 ஆட்டம். 19 முடிந்த நிலையில் சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் சென்னை சிட்டி மோதுவது மினெர்வா பஞ்சாபுடன். முந்தின சீசன் சாம்பியனே அவர்கள்தான். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும். கணக்கு இதுதான்: இங்கே ஜெயித்தால் கோப்பை நமக்கு. இங்கே டிரா ஆகி, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு.

``இன்னிக்கு ஒருநாள் வா கண்ணு'' என்று அவர் கேட்டபோது, பையன் மறுப்பான் என்றுதான் நினைத்தார். ப்ளஸ் ஒன் பரீட்சை வேறு நடந்துகொண்டிருந்தது. அவன் என்ன நினைத்தானோ, சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். ``பரீட்சை நேரத்துல அப்பனும் மகனும் ஊர் சுத்தப் போறீங்களா?'' என்ற குரல் தெருமுனை வரை துரத்தியது.

கேலரியில் போய் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் இடி இறங்கியது. 3-வது நிமிடம். மினெர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டார். ஸ்டேடியமே அமைதியாகிவிட்டது. பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். `நான்தான் சொன்னேனே' என்று சொல்ல வாயெடுத்தவன், அந்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அதன் பிறகு அவன் மைதானத்தைப் பார்த்ததைவிட அப்பாவைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டில் அதிர்ந்து பேசாத மனுஷன் அவர். பட்டறை முதலாளி போனில் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று பேசுவார். அந்த ஆள் இங்கே தொண்டை கிழியக் கத்துகிறார்! அதுவும் சும்மா கத்தவில்லை.

``நடுவுலயே போயி முட்டாதீங்கடா... ஓரத்துல விரிங்க! பின்னால ஆள் வர்றான் பாரு!''

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னால் வந்த ஆள் பந்தைப் பறித்துக்கொண்டு போனான். அடுத்த தடவையும் அப்படியே. பந்து எங்கே போகும் என்று போவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. முன் வரிசையில் இருந்த காலேஜ் பசங்க திரும்பிப் பார்த்து, ``அண்ணா, நீங்க பிளேயருங்களா?'' என்றார்கள்.

``ஆடினேன் தம்பி. ரைட் பேக்.''

பையனுக்கு இது புதுச் செய்தி. அப்பா ஏதோ ஆடினார் என்று தெரியும். எந்த இடத்தில் ஆடினார் என்று அவன் கேட்டதே இல்லை. மெஸ்ஸியின் முதல் பயிற்சியாளர் பெயர் வரை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவன் அவன்.

ஹாஃப் டைமில் 0-1. வாங்கிய கடலையைப் பிரிக்கவே இல்லை.

``எத்தனை கோல் அடிச்சிருக்கீங்ப்பா?'' என்றான் மெதுவாக.

``ஒண்ணுகூட இல்ல கண்ணு. என்னைய நிறுத்துனது தடுக்கிறதுக்கு.''

இரண்டாம் பாதி. 56-வது நிமிடத்தில் சென்னை சிட்டிக்கு பெனால்டி. மான்சி பந்தை வைத்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டேடியம் அதிர்ந்தபோதுதான் திறந்தார். 1-1.

69-வது நிமிடத்தில் அடுத்த கோல். அடித்தது மான்சி அல்ல, நெஸ்டரும் அல்ல. கௌரவ் போரா! அசாமிலிருந்து வந்த பையன். எதிரணியைத் தடுக்கிற வேலைக்காக அணியில் இருப்பவர். கோல் அடிக்கச் சொல்லி யாரும் அவரிடம் எதிர்பார்ப்பதில்லை.

இவர் எழுந்து குதித்தார். குதிக்கிற கால் எது என்றெல்லாம் யோசிக்கவில்லை. ``தடுக்கிறவன் அடிச்சுட்டான்டா! தடுக்கிறவன் அடிச்சுட்டான்!'' என்று முன் வரிசைப் பையனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நிம்மதி ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. கேலரியில் பாதிப் பேர் கண் மைதானத்தில், மீதிப் பேர் கண் செல்போனில். கோழிக்கோட்டில் முதலில் கோகுலம்தான் கோல் போட்டது. அந்தச் செய்தி வந்ததும் ஒரு ஆரவாரம். பிறகு ஈஸ்ட் பெங்கால் சமன் செய்தது. இன்னொன்றும் அடித்து 2-1 என்று முந்தியது. அதாவது, இங்கே மினெர்வா இன்னும் ஒரே ஒரு கோல் போட்டால் போதும், கோப்பை ரயிலேறிக் கொல்கத்தா போய்விடும்.

அந்தக் கடைசி நிமிடங்களில் அவர் கத்தவே இல்லை. பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். லேத் மெஷின் பிடித்துக் காய்த்துப்போன கை. வலித்தது. அவன் கையை இழுக்கவில்லை.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குள் போனது. மறுபடியும் கௌரவ் போரா. மறுபடியும் கோல். 3-1!

பிறகு நடந்தது எதையும் அவரால் வரிசையாகச் சொல்ல முடியாது. யாரோ கட்டிப்பிடித்தார்கள். யாரையோ இவர் கட்டிப்பிடித்தார். பிரிக்காத கடலைப் பொட்டலம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஐ-லீக் கோப்பையைத் தமிழ்நாட்டு அணி ஒன்று ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 43 புள்ளிகளோடு சென்னை சிட்டி முதலிடம், 42-உடன் ஈஸ்ட் பெங்கால் இரண்டாமிடம். மான்சிக்கு அந்த சீசனில் 21 கோல்கள். இந்தக் கணக்கையெல்லாம் பையன்தான் செல்போனில் பார்த்துச் சொன்னான். இவர் தலையைத் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினார்கள். இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன்.

``அந்த முட்டி எப்படிங்ப்பா அடிபட்டுச்சு?''

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறான். டீ ஆறிப்போகிற வரை சொன்னார். எதிரணி லெஃப்ட் விங் பையன் எவ்வளவு வேகம், மழை பெய்து மைதானம் எப்படிச் சேறாகிக் கிடந்தது, கடைசியில் அந்த கோலைத் தடுத்தாரா இல்லையா... எல்லாவற்றையும் சொன்னார். தடுத்துவிட்டாராம். ஆட்டம் மட்டும் தோற்றுப்போனதாம்.

திங்கட்கிழமை காலை, மைசூர்பா பெட்டியோடு பட்டறைக்குப் போனார். அங்கே பேச்சே வேறு. முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தல் தேதியை அறிவித்திருந்தார்கள். மொகாலியில் இந்தியா 358 ரன் அடித்தும் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற கடுப்பும் சேர்ந்திருந்தது.

``எதுக்குண்ணே ஸ்வீட்டு?''

``நம்ம டீம் ஜெயிச்சிருச்சுல்ல!''

``அண்ணே... நேத்து நாம தோத்துட்டம்ண்ணே!''

அவர் சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். விளக்கம் சொல்லவில்லை. சொன்னாலும் புரிந்திருக்காது என்பதல்ல காரணம். அந்த சந்தோஷத்தைப் பங்குபோட வீட்டிலேயே ஆள் கிடைத்துவிட்டது.

சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டுவிடலாம். நிஜத்தில் அந்த வெற்றிக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் வளரவில்லை. நாட்டின் முதல்நிலை லீக் என்ற இடம் ஐ.எஸ்.எல்-லுக்குப் போனது. ஐ-லீக் அதற்குக் கீழே இறங்கியது. நடுவில் கொரோனா வந்தது. 2020-21 சீசன் முழுவதையும் மேற்கு வங்கத்திலேயே நடத்தினார்கள். கோவை ரசிகர்களுக்கு நேரில் பார்க்க ஓர் ஆட்டம்கூட இல்லை. அந்த சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் இல்லை.

அவருக்கு அதில் வருத்தம் உண்டு. நேரு ஸ்டேடியம் வழியாக வண்டியில் போகும்போது கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார். அவ்வளவுதான். ``டீமு போச்சேண்ணே'' என்று யாராவது சொன்னால், ``ஜெயிச்சது போகலையே தம்பி'' என்பார்.

பையன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். சுவரில் ஆளாளுக்கு ஒரு கிளப்பின் போஸ்டர். ஒருநாள் போனில் பேசும்போது அம்மாவிடம் சொன்னான், அம்மா ஸ்பீக்கரில் போட்டார். ரூமில் எல்லாரும் அவரவர் அணி எது என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். இவன் முறை வந்தபோது, ``சென்னை சிட்டி'' என்றிருக்கிறான்.

``அப்படி ஒரு டீமா? நீ பார்சிலோனாதானே?''

``அது டி.வி-ல பார்க்கிறது. இது நான் நேர்ல பார்த்தது. எங்கப்பாகூட.''

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இந்தப் பக்கம், திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. பக்கத்தை மட்டும் திருப்பினார். போனை வைப்பதற்கு முன் மனைவி அவரிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

``சாப்புட்டியா கண்ணு?''